டூல் தேயும் கணக்கு யார் கையில்?

"போட்டித்தன்மை" என்ற சொல் இப்போ எங்கே போனாலும் கேட்குது. பட்ஜெட் உரையில் இருக்கு, டிவி விவாதத்தில் இருக்கு, கெம்பஸில் நடக்கிற கருத்தரங்கு பேனரிலும் இருக்கு. ஏற்றுமதி கூடணும், உற்பத்தி கூடணும், உலகச் சந்தையில் நாம் நிற்கணும் என்கிறார்கள். சரி, கூடட்டும். ஆனால் இதைப் பேசுகிறவர்கள் ஒரு தடவையாவது எங்கள் பக்கத்து லேத் கடை ஒன்றுக்குள் வந்து அரை மணித்தியாலம் நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒரு இரும்புத் துண்டை எவ்வளவு சரியாக, எவ்வளவு சீக்கிரமாக, எவ்வளவு குறைந்த கழிவோடு வெட்டி எடுக்கிறோம் என்பதில்தான் அந்தப் பெரிய சொல்லுக்கு அர்த்தமே இருக்கு.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். "உங்களுக்கும் லேத் மெசினுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். எங்களுக்கு மஹய்யாவ பழக்கமான இடம். நகரசபை வேலைக்காகப் பரம்பரை பரம்பரையாக இங்கே குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோடுதான் படித்தோம், விளையாடினோம். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களில் சிலர் த்ரீவீல் ஓட்டுகிறார்கள், சிலர் கடைகளில் நிற்கிறார்கள், சிலர் கராஜுக்கும் லேத் கடைக்கும் போனார்கள். கையில் கிரீஸோடு திரிகிற அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊருக்கு வருகிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் சாதியையும் வீட்டுப் பிரச்சினையையும் கேட்கத்தான் வருவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இந்தப் பையன்களின் கைக்குத் தெரிந்த வேலையும் ஆய்வுக்குரிய விஷயம்தான் என்பது எங்கள் வாதம்.

லேத் வேலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். சுற்றுகிற இரும்பில் கூரான டூலை வைத்துச் சீவிச் சீவி உருவம் எடுப்பதுதான் லேத். தேயிலை பெக்டரி ரோலரின் சப்ட், நெல் குத்துகிற மில்லின் புஷ், பஸ்ஸின் பிரேக் டிரம் எல்லாம் இதில் கடைகிற சாமான்கள். வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் வாளிக்குக்கூட முதலில் யாரோ ஒருவர் இரும்பில் அச்சு வெட்டியிருக்க வேண்டும். எல்லா உற்பத்திக்கும் அடியில் இப்படி ஒரு வெட்டு வேலை இருக்கு. அது மோசமாக இருந்தால் மேலே எதுவும் சரியாக வராது.

இந்த வெட்டு வேலையை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெட்ரிக் டெய்லர். 1880இல் பிலடெல்பியாவில் ஒரு இரும்பு ஆலையில் தொடங்கி 26 வருஷம் செய்தார். 30,000க்கும் மேற்பட்ட சோதனைகளைப் பதிந்து வைத்தார். அதற்காக 8 லட்சம் இறாத்தல் இரும்பும் உருக்கும் சீவலாகப் போனது, அதாவது ஏறத்தாழ 360 தொன். 1906இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கு. வெட்டும் வேகம் கூடினால் டூலின் ஆயுள் குறையும், அதுவும் சும்மா குறையாது, படுவேகமாகக் குறையும். பாடப்புத்தகங்கள் ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்குத் தருகிற கணக்கின்படி வேகத்தை வெறும் 10 வீதம் கூட்டினால் டூல் பாதி நேரம்கூடத் தாங்காது. 20 வீதம் கூட்டினால் கால்வாசி நேரத்துக்கும் வராது. கார்பைட் டூல் இவ்வளவு கோபக்காரன் இல்லை. 10 வீதம் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் போகும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எங்கள் பாஸ்மாருக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் வேறு மாதிரித் தெரியும். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண இரும்புக் கம்பியை ஹைஸ்பீட் டூலில் கடைய, நிமிஷத்துக்கு 30 மீற்றர் வேகம் என்று புத்தகம் சொல்லும். கணக்குப் போட்டால் கம்பி நிமிஷத்துக்கு ஏறத்தாழ 190 சுற்றுச் சுற்ற வேண்டும். பாஸ் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. சத்தத்தைக் கேட்கிறார், சீவல் நீலமாகுதா, பொன்னிறமாக வருதா, சுருண்டு வருதா, தூளாகுதா என்று பார்க்கிறார், பெல்ட்டை மாற்றுகிறார். பெரும்பாலும் சரியாகத்தான் வரும். டெய்லர் 26 வருஷத்தில் கண்டுபிடித்ததை இவர் 26 வருஷம் காதால் கேட்டுப் பழகியிருக்கிறார். பிரச்சினை என்னவென்றால் இந்த அறிவு ஒரே ஒரு மனிதரின் காதுக்குள் இருக்கு. அவர் கட்டாருக்குப் போனால், அல்லது கண் மங்கி வீட்டில் இருந்தால், கடையோடு சேர்ந்து அதுவும் போயிடும். அடுத்த பையன் திரும்பவும் முதலிலிருந்து டூலை உடைத்துத்தான் படிக்க வேணும்.

அளவு விஷயத்தில் காதும் கண்ணும் போதாது. 50 மில்லிமீற்றர் துளை ஒன்றை வரைபடத்தில் எச்7 என்று குறித்திருந்தால், அளவு 0.025 மில்லிமீற்றருக்கு மேல் கூடக்கூடாது. தலைமுடித் தடிப்பில் பாதிகூட இல்லை. சின்னக் கடையில் இருக்கிற சாதாரண வேர்னியர் 0.02 மில்லிமீற்றர் வரைக்கும்தான் காட்டும். அப்படியென்றால் துளை சரியா பிழையா என்று அந்த வேர்னியரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய கம்பெனி ஒன்று ஓடர் தராமல் போவதற்கு இது ஒன்றே போதும். ஆள் கெட்டிக்காரனாக இருந்தும், நிரூபிக்கக் கையில் சாமான் இல்லை.

போட்டித்தன்மை என்றால் மலிவான கூலி என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடைக்கு 20 புஷ் ஓடர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் சக்கில் பிடித்து சென்டர் பார்க்க 12 நிமிஷம், வெட்ட 8 நிமிஷம். மொத்தம் 400 நிமிஷம். முதலாளி அவசரப்பட்டு வேகத்தைக் கால்வாசி கூட்டுகிறார். வெட்டும் நேரம் 6.4 நிமிஷமாகுது. எல்லாம் சேர்த்து மிச்சம் 32 நிமிஷம்தான், ஆனால் டூல் ஆறு மடங்கு சீக்கிரம் மழுங்கும். அதைத் தீட்டித் திரும்ப மாட்டுகிற நேரத்திலேயே அந்த 32 நிமிஷமும் போயிடும். இன்னொருவர் வேகத்தைத் தொடாமல், சாமானை ஒரே இடத்தில் சட்டென்று பிடித்து நிறுத்த ஒரு பிடிப்பானைச் செய்துகொள்கிறார். 12 நிமிஷம் 5 ஆகுது. மிச்சம் 140 நிமிஷம். ஒருத்தருடைய கூலியையும் குறைக்கவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. 20இல் 2 பிழைத்துப் போனால் உலோகத்திலும் நேரத்திலும் 10 வீதம் குப்பைக்குப் போகும். அதைத் தடுக்க நல்ல அளவுகோல் வேணும். போட்டித்தன்மை இப்படிப்பட்ட நிமிஷங்களில்தான் ஒளிந்திருக்கு.

இதெல்லாம் கண்டிக்கு அந்நியமான கதையும் இல்லை. ஜோன் வாக்கர் தன் பொறியியல் கம்பெனியை 1854இல் தொடங்கியது கொழும்பில் இல்லை, இதே கண்டியில். கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரம்தான் அதன் வேலை. பிரவுண்ஸ் கம்பெனி 1875இல் ஹட்டனில் தொடங்கியதும் தோட்டங்களுக்கு வேண்டிய பொறியியல் வேலைக்காகத்தான். தோட்டத்தில் மெசின் உடைந்தது, அதைத் திருத்துகிறவன் மலையிலேயே பட்டறை போட்டான். பிரச்சினையும் பட்டறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பட்டறைகளின் லாபம் யாருக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தக் காலத்தை நாங்கள் கொண்டாடவில்லை. ஆனால் மலையகத்தின் தொழில் வரலாறு கொழுந்துக் கூடையோடு முடிந்துவிடவில்லை, அதில் பட்டறையும் இருக்கு. ஹந்தானையில் இருக்கிற தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தப் பழைய மெசின்களைப் பார்த்தால் எங்களுக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: இதையெல்லாம் இத்தனை வருஷம் ஓடவைத்த கைகளின் பெயர் எங்கே எழுதியிருக்கு?

இப்போ அறிவும் பக்கத்தில்தான் இருக்கு. 1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு வந்தது. உற்பத்திப் பொறியியலுக்கென்றே அங்கே தனித் துறை இருக்கு. மஹய்யாவையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் வராது. எங்கள் பக்கத்திலிருந்து மகாவலிக்கு மேலால் அக்பர் பாலத்தைக் கடந்தால் பொறியியல் பீடம். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை, ஆய்வு யாருடைய கேள்வியிலிருந்து தொடங்குகிறது என்பது.

இதை ஒரு பல்கலைக்கழகத்தின் குற்றமாக நாங்கள் சொல்லவில்லை. உலகம் முழுக்க வெட்டு வேலையைப் பற்றி வருகிற கட்டுரைகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. தரம் தெரிந்த ஒரு உலோகம், ஒரு புது சிஎன்சி மெசின், வேகத்தையும் ஆழத்தையும் மாற்றி மாற்றி ஒன்பதோ இருபத்தேழோ சோதனை, கடைசியில் "இதுதான் சிறந்த சேர்க்கை" என்று ஒரு அட்டவணை. கட்டுரை வெளிவரும், பதவி உயர்வுக்குப் புள்ளி சேரும். எங்கள் ஊர்க் கடையில் இருப்பதோ பழைய லொறி அக்சில், என்ன தரம் என்று யாருக்கும் தெரியாத இரும்பு, திருகைத் திருப்பினால் கொஞ்சம் ஆடுகிற 40 வருஷ லேத், நாலு தடவை தீட்டின டூல். அந்த அட்டவணை இந்தக் கடைக்கு எப்படிப் பொருந்தும்? கடை கேட்கிற கேள்வி வேறு. தெரியாத இரும்பின் தரத்தைத் தீப்பொறியைப் பார்த்து எவ்வளவு நம்பிச் சொல்லலாம்? ஆடுகிற லேத்தில் அளவை எப்படிப் பிடிக்கிறது? கார்பைட் முனைக்குக் காசு போட்டால் எத்தனை ஓடரில் திரும்பும்? இவற்றுக்கு விடை தேடுவதும் ஆய்வுதான். இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதம் அளவுதான் செலவழிக்கிறது. தென்கொரியா 5 வீதத்தைத் தொடுகிறது. கையில் இருக்கிறது சொற்பக் காசு என்றால், அதை எந்தக் கேள்விக்குச் செலவழிக்கிறோம் என்பது இன்னும் முக்கியம்.

யாருக்காக ஆய்வு செய்கிறோம் என்பதால் நாடுகளின் தலையெழுத்தே மாறியிருக்கு. எண்களால் இயங்குகிற முதல் மில்லிங் மெசினை 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் காட்டினார்கள். அதற்குக் காசு கொடுத்தது அமெரிக்க விமானப்படை. அதனால் ஆய்வும் போர் விமானத்தின் சிக்கலான பாகங்களை நோக்கியே போனது. சின்னப் பட்டறைக்கு அந்த மெசின் எட்டாத விலை. ஜப்பான்காரர்கள் எளிமையான, மலிவான மெசினைச் சின்னப் பட்டறைகளுக்காகச் செய்தார்கள். 1982இல் உலகத்திலேயே அதிகம் இயந்திரக் கருவி தயாரிக்கிற நாடாக ஜப்பான் அமெரிக்காவை முந்தியது. இந்தக் கதையை 1984இல் பெரிய புத்தகமாக எழுதிய டேவிட் நோபிள் ஒரு வரலாற்றாசிரியர். கலைப்பீடத்துக்கும் லேத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

தமிழில் உதாரணம் வேணும் என்றால் கோயம்புத்தூரைப் பாருங்கள். 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொடங்கினார்கள். அதன் தொழிற்கூடம் பம்பும் மோட்டாரும் லேத்தும் செய்தது. 1951இல் அதே வளாகத்தில் பொறியியல் கல்லூரி வந்தது. படிக்கிற பையன் வகுப்பை விட்டு வெளியே வந்தால் கண்முன்னே பட்டறை. அந்தக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன்தான் "கலைக்கதிர்" என்ற தமிழ் அறிவியல் மாத இதழையும் நடத்தினார். அந்தக் கல்லூரி தொகுத்த "டிசைன் டேட்டா" புத்தகத்தை இந்தியா முழுக்கப் பொறியியல் மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுபோகிறார்கள். பட்டறை, கல்லூரி, தமிழ் இதழ் மூன்றும் ஒரே முற்றத்தில் இருந்தன. கோவை பம்பு ஊர் ஊராகப் போனதற்குக் காரணம் பல. ஆனால் இந்த முற்றமும் அதில் ஒன்று என்று நாங்கள் நம்புகிறோம்.

இங்கேதான் எங்கள் வேலை வருது. பாடநூல் தமிழில் லேத்துக்குக் "கடைசற் பொறி" என்று பெயர். நல்ல சொல்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் ஒருத்தருக்கும் விளங்காது. கடையில் இருக்கிறது லேத், சக், டூல், கட், பீட், புஷ், சப்ட். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம், நடுவில் நம்ம தமிழ். அறிவு ஆங்கிலக் கட்டுரையில் இருக்கு, கை இந்தக் கலப்பு மொழியில் இருக்கு. இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதுகிறவன் இல்லை. மொழியும் சமூகவியலும் படிக்கிற நாங்கள் அதைச் செய்யாவிட்டால் யார் செய்வது?

மறுப்புகளும் எங்களுக்குத் தெரியும். "சீனா இருக்கும்போது இதெல்லாம் வேலைக்காகுமா?" என்பது முதலாவது. சீனாவோடு லட்சக்கணக்கில் போல்ட் செய்து போட்டி போட முடியாது, உண்மைதான். ஆனால் நாளைக்குக் காலையில் ஓடவேண்டிய தேயிலை ரோலருக்கு இன்றைக்கு ராத்திரி ஒரு சப்ட் வேணும் என்றால் அது சீனாவிலிருந்து வராது. ஒன்றிரண்டாக, அவசரமாக, சரியான அளவில் செய்து கொடுக்கிற சந்தை எப்பவும் ஊருக்குள்தான் இருக்கும்.

"இறக்குமதியை நிறுத்தினால் சின்னக் கடைகள் தானாக வளரும்" என்பது இரண்டாவது. அதையும் பார்த்தாச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. புதுசு வாங்க முடியாதவர்கள் பழசைத் திருத்தினார்கள், லேத்துக்கு வேலை வந்தது. 2025இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் கடைகளின் அளவுகோல் மாறியதா, வேலை முறை மாறியதா, ஒரு பதிவாவது மிஞ்சியதா? கதவை மூடினால் கிடைப்பது கொஞ்ச நேரம். அந்த நேரத்துக்குள் படிக்காவிட்டால் கதவு திறந்த அன்றைக்கே பழைய இடத்துக்கு வந்துவிடுவோம்.

மூன்றாவது மறுப்பு எங்களுக்குள்ளேயே வந்தது. டெய்லர் வெட்டு வேலையோடு நிற்கவில்லை. ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளக்கிற முறையைக் கொண்டுவந்தார். தொழிலாளியின் தலையில் இருந்த அறிவு மெனேஜரின் காகிதத்துக்குப் போனது. 1911இல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் அந்த ஸ்டாப்வாட்சை எதிர்த்தே வேலைநிறுத்தம் செய்தார்கள். அதனால் பாஸ்மாரின் அறிவை எழுதுவது என்றால், எழுதினதில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேணும். பெயர் இருக்க வேணும், காசு வந்தால் அதிலும் பங்கு வேணும். இல்லாவிட்டால் நாங்களும் இன்னொரு சுரண்டலுக்குத்தான் கடதாசி எடுத்துக்கொண்டு போகிறோம்.

அப்போ என்ன செய்யலாம்? பெரிய காசு வேண்டாத நாலு விஷயம் சொல்கிறோம்.

ஒன்று, பொறியியல் படிக்கிற ஒவ்வொரு மாணவரின் இறுதி வருட ஆய்வுத் தலைப்புப் பட்டியலிலும் ஊர்ப் பட்டறைகள் கொடுத்த கேள்விகளுக்கு ஒரு பங்கு வைக்கலாம். கடையில் தீர்ந்த பிரச்சினைக்கும் கட்டுரைக்குக் கிடைக்கிற மாதிரிப் புள்ளி கிடைக்க வேணும்.

இரண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூடக் கதவைத் திறந்து வையுங்கள். கடைக்காரர்கள் தங்கள் வேர்னியரையும் மைக்ரோமீற்றரையும் கொண்டுவந்து சரிபார்க்கட்டும், பெயர் தெரியாத இரும்பின் கடினத்தைச் சோதிக்கட்டும்.

மூன்று, கடையில் பேசுகிற சொல்லிலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சின்னக் கைநூல். எந்த உலோகத்துக்கு எந்த டூல், எத்தனை சுற்று, எப்போ தீட்டணும். கிரீஸ் பட்டாலும் அழியாத மாதிரி லெமினேட் செய்து சுவரில் தொங்கவிட வேணும்.

நான்கு, வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ கொடுக்கிற முறை ஏற்கனவே நாட்டில் இருக்கு. நைட்டா அதைச் செய்கிறது. அதை மஹய்யாவ மாதிரி இடங்களின் வாசலுக்குக் கொண்டுவர வேணும். படிவம் நிரப்பிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

கடைசி விஷயத்தை நாங்கள் சும்மா சொல்லவில்லை. கொரியாவுக்குப் போகிற நம்ம பையன்கள் அங்கே பெக்டரியில் மெசினுக்கு முன்னால் நின்று நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். இங்கே இருந்தபோதும் அதே கைதான், அதே மூளைதான். அங்கே அந்தக் கைக்குப் பின்னால் அளவுகோலும் அட்டவணையும் ஆய்வும் நிற்குது. இங்கே தனியாக நிற்குது. அதோடு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். முகவரியை மறைத்து வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 0.02 மில்லிமீற்றருக்குள் ஒரு சப்டைக் கடைந்து, அதைக் காகிதத்திலும் நிரூபிக்க முடிந்த ஒருத்தரிடம் "நீ எந்த லைன்?" என்று கேட்பது கொஞ்சம் கஷ்டம். சாதி அதோடு போய்விடும் என்று நாங்கள் கனவு காணவில்லை. ஆனால் அவருக்குத் தலை நிமிர்ந்து பேச ஒரு இடம் கிடைக்கும்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டியோ மாத்தளையோ ஹட்டனோ யாழ்ப்பாணமோ, உங்கள் ஊரிலும் ஒரு லேத் கடை இருக்கும். போய்ப் பேசுங்கள். அங்கே எந்தச் சாமானை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்த வேலை அடிக்கடி பிழைக்குது, படித்தவர்களிடம் என்ன கேட்க விரும்புகிறார்கள் என்று எழுதி வாருங்கள். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுங்கள். நாங்கள் ஒரு கொப்பியில் தொடங்கிவிட்டோம். இதுவரை 63 சொல் சேர்ந்திருக்கு. பொறியியல் பீடத்து நண்பர்களே, பாலத்துக்கு அந்தப் பக்கம் நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்கள்.